தாப்பாக்காரன்

தாப்பா என்பது எங்கள் பேராக் மாநிலத்தில் ஓர் ஊர். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போகும் தெற்கு வழியில் இருக்கிறது. அவன் அந்த ஊர்க்காரன் இல்லை. அவன் பிறந்தது வடக்கே, சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். ஆனாலும் ஈப்போவில் ஒரு கல்லூரியில் நாங்கள் ஒன்றாகப் படித்த காலம் முழுக்க அவனுக்குத் தாப்பாக்காரன் என்றுதான் பெயர்.

எல்லாம் அவன் வாயால் வந்தது. பரவாயில்லை என்பதற்கு மலாயில் 'தாக் அப்பா' என்பார்கள். அவன் அதில் பாதியை விழுங்கி 'தாப்பா' என்பான், பின்னால் ஒரு 'லா' சேர்த்து. யாராவது காலை மிதித்தால் தாப்பா லா. வரிசையில் முண்டியடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் போனால் தாப்பா லா. இரவல் வாங்கிய குடையைத் தொலைத்துவிட்டு ஒருவன் வந்து நின்றால், தொலைத்தவனுக்கு ஆறுதலாக ஒரு தாப்பா லா. பையன்கள் கேலிக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவனுடைய உண்மையான பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறவனுக்குப் பெயர் எதற்கு?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்களுக்குப் பாடம் எடுத்த மலாய் ஆசிரியர் ஒருவர், முந்தின வருஷம் படித்துப் போன வேறொரு இந்தியப் பையனின் பெயரைச் சொல்லியே இவனை ஒரு பருவம் முழுக்கக் கூப்பிட்டார். இவனும் கையைத் தூக்கி 'ஹாடிர்' சொல்லிக்கொண்டிருந்தான். வந்திருக்கிறேன் என்று அர்த்தம். வராத ஒருவனுக்காக வந்திருக்கிறேன் என்று சொல்லும் ஆளை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்று, சார், அது இவன் பெயர் இல்லை என்று சொன்னேன். ஆசிரியர் திருதிருவென்று விழித்தார். வகுப்பு முடிந்ததும் அவன் என்னிடம் வந்து, "பாவம், அந்த மனுசனுக்கு மூஞ்சே செத்துப்போச்சி. ஏன் லா சொன்ன?" என்று கேட்டான்.

கல்லூரி அலுவலகத்தில் ஒரு தமிழ் அக்கா இருந்தார். பையன்கள் கூப்பிடுவதைக் கேட்டு, இவன் தாப்பாவிலிருந்து வருகிறவன் என்றே நம்பிவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முறுக்கு டின் ஒன்றை இவன் கையில் கொடுத்து, "தம்பி, நீ தாப்பாதானே? ஊருக்குப் போறப்ப எங்க தங்கச்சி வீட்டுல கொடுத்துருய்யா, பசாருக்குப் பின்னாலதான்" என்றார். இவன் வாங்கிக்கொண்டான். சாயங்காலம் பஸ் நிலையத்தில், தெற்கே போகும் பஸ்ஸில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"டேய், எங்கடா போற?"

"தாப்பாவுக்கு."

"ஒனக்குப் பைத்தியமா? ஒன் வீடு அந்தப் பக்கம்!"

"அந்தக்கா ஆசையா கொடுத்தாங்க. இல்லன்னு சொன்னா வெக்கப்பட்டுப் போய்டுவாங்க லா. கொடுத்துட்டு வந்துர்றேன்."

போய்க் கொடுத்துவிட்டு, அந்தத் தங்கச்சி வீட்டில் சோறும் தின்றுவிட்டு, ஈப்போ திரும்பி, அதற்குப் பிறகு தன் வீட்டுக்குப் போனான். அதோடு முடிந்ததா? தீபாவளிக்கு ஒரு டின், பொங்கலுக்கு ஒரு பை. நாங்கள் படித்து முடிக்கும்வரை அந்த அக்காவின் தபால்காரன் அவன்தான். தாப்பாவில் அவனுக்கு ஒரு சொந்தமே உண்டாகிவிட்டது.

எனக்கு நேர் எதிரான வியாதி. தப்பைக் கண்டால் திருத்தாமல் சோறு இறங்காது. மாதா கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தில் பைபிள் அதிகாரத்தின் எண்ணை மாற்றிச் சொன்னால், பூசை முடிந்ததும் வாசலில் மறித்துச் சொல்லிவிடுவேன். "ஒனக்கு ஆண்டவர் நாக்கு வெச்சாரா, கத்தி வெச்சாரா?" என்று என் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். இப்படிப்பட்ட நான் அப்படிப்பட்டவனோடு எப்படிச் சேர்ந்தேன் என்று கேட்டால், அவன் போடத் தயங்கிய சண்டைகளையெல்லாம் அவனுக்காக நான் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் பொழுது போயிற்று.

ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரு கடையில் அவன் கோப்பி ஓ கேட்டான். பால் சேர்க்காத காப்பி. கடைக்கார அண்ணன் பாலும் ரோஸ் சர்பத்துமாகச் செக்கச்செவேல் என்று ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. குடித்தால் வயிற்றைக் கலக்கும். அது தெரிந்தும் டம்ளரை எடுத்து வாயில் வைத்தான்.

நான் பிடுங்கிவிட்டேன். "அண்ணே! இவரு கோப்பி ஓ கேட்டாரு!"

அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. "அண்ணனுக்கு இன்னைக்குக் கடையில ஆளு கொறச்சல் லா. பாத்தியா, தனியா ஓடிக்கிட்டு இருக்காரு" என்றான். நான் வராத நாட்களில் எத்தனை டம்ளர் சர்பத்தைக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தானோ.

நாங்கள் படித்தது கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங். ஓர் அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ இருக்கும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைப்பது, இணைப்பு அறுந்தால் எங்கே அறுந்தது என்று தேடிப் பிடிப்பது. நான் அதில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை, இடம் கிடைத்தது. அவனுக்கு அப்படி இல்லை. அதற்கென்றே பிறந்தவன்போல இருந்தான். ஒரு கம்பிக்குள் எட்டு மெல்லிய இழைகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு நிறம். அவற்றை ஒழுங்காக வரிசைப்படுத்தி முனையில் சொருகி அழுத்த வேண்டும். எங்களில் பாதிப் பேர், விளக்கு எரிந்தால் சரி என்று விட்டுவிடுவோம். அவன் விடமாட்டான். ஓர் இழை கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். என் கம்பியையும் வாங்கிப் பார்த்து, "இது தப்பு. திரும்பப் பண்ணு" என்பான். இது தப்பு என்று அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அந்த ஆய்வுக்கூடத்தில் மட்டும்தான். கம்பியிடம் அவன் தாப்பா சொல்வதே கிடையாது. இணைப்புப் பெட்டியில் பச்சை விளக்குகள் மினுக்க ஆரம்பித்தால், "வந்துருச்சி" என்று மெதுவாகச் சொல்வான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். முதுகு நிமிர்ந்து வேறு ஆள்போல இருப்பான்.

பயிற்சிக்கு எங்கள் இருவரையும் ஈப்போவில் ஒரு கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஒருநாள் காலை அங்கே எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரேயடியாக நின்றுபோயின. அங்கே வேலை பார்த்த பெண் ஒருத்தி, தொங்கிக்கொண்டிருந்த கம்பியின் மறுமுனையையும் அதே பெட்டியில் சொருகிவிட்டிருந்தாள். இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். அப்படிச் செய்தால் பெட்டி தன்னோடு தானே கத்திக் கத்தி மூச்சடைத்துப் போகும். அவன் பார்த்ததும் புரிந்துகொண்டு பிடுங்கிவிட்டான். எல்லாம் திரும்பி வந்தன. அதற்குள் மேலாளர் வந்து, புதுப் பையன் எதையோ நோண்டிக் கெடுத்துவிட்டான் என்று எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தப் பெண் வெலவெலத்து நின்றாள். இவன், "சாரி பாஸ்" என்றான்.

படிக்கட்டில் வைத்து அவனைத் திட்டித் தீர்த்தேன். "வாயுள்ள பிள்ளதான்டா பொழைக்கும். நீ வாயில கொழுக்கட்ட வெச்சிருக்கியா?"

"லைன் வந்துருச்சில்ல. அது போதும் லா. அந்தப் பொண்ணு மாசமா இருக்கு, பாக்கல நீ?"

நான் பார்க்கவில்லை. அவன் பார்த்திருக்கிறான். இதுதான் அவனிடம் எனக்குப் பிடித்ததும், எனக்குப் பயத்தைக் கொடுத்ததும். எதிரில் இருப்பவரின் முகம் வாடிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவன் கணக்கு. அதற்கு அவன் எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடுவான் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இந்தச் சித்திரம் பொய்யாகிவிடும். என் சித்தி மகள் கல்யாணத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கோயில் மண்டபத்தில் ஆன்ட்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். "அடுத்தது இந்த ஜோடியா? மாப்பிள்ள என்ன பண்றாரு?" என்று ஒருவர் கேட்டார். அவன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு நின்றான். எனக்கோ உச்சந்தலையில் ஏறிவிட்டது. "ஐயோ ஆன்ட்டி, சும்மா கூடப் படிக்கிறவன்" என்றேன், மண்டபத்துக்கே கேட்கும்படி. உடனே அவனும், "ஆமாங்க ஆன்ட்டி, கூடப் படிக்கிறவன்" என்று தலையாட்டினான். அவர்கள் சொன்னதையும் அவன் திருத்தவில்லை, நான் சொன்னதையும் திருத்தவில்லை. எது சரி என்று அவன் நினைத்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு அவன்மேல் ஆசை இருந்தது.

அவன் வீட்டுக்கு வருகிறேன்.

நாங்கள் கல்லூரியில் இருந்த காலத்திலேயே தோட்டத்தை விற்று, தொழிலாளர்களின் லயத்து வீடுகளை வரிசை வரிசையாக இடித்த பிறகு, அவன் குடும்பம் புந்தோங்கில் ஒரு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தது. அதற்கு முன்பே அவன் அப்பா கெட்டுப்போயிருந்தார். குடியால் இல்லை. எங்கள் ஜனங்களிடம் நெட்வொர்க் என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் கம்ப்யூட்டர் ஞாபகத்துக்கு வராது. நோனி சாறு வரும், காந்த மெத்தை வரும், தண்ணீர் வடிகட்டும் பெட்டி வரும். நீ சேர்ந்து உனக்குக் கீழே நாலு பேரைச் சேர்த்துவிடு, அவர்கள் ஆளுக்கு நாலு பேரைச் சேர்த்தால் நீ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்கிற அந்த வியாபாரம். அவன் அப்பா அதில்தான் விழுந்தார். தோட்டம் மூடப்போகிறது என்ற பயத்தில் இருந்த மனிதருக்கு யாரோ கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து வழி காட்டியிருக்கிறார்கள். தன் சேமநிதியைப் போட்டார். போதாதென்று லயத்தில் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஏறி, அவர்களையும் தனக்குக் கீழே சேர்த்தார்.

ஒரு கம்பெனி கவிழ்ந்ததும் இன்னொன்றுக்குப் போனார். மனைவி அழுதால், "இது அந்த மாதிரி இல்ல. இது வேற நெட்வொர்க்கு" என்பாராம். அடுத்ததற்கும் அதேதான். பேர் மாறும், டப்பா மாறும், அவர் சொல்வது மட்டும் மாறாது. கடைசியில் லயத்துச் சனம் ஒரு குடம் தண்ணீருக்குக்கூட இவர்கள் வாசல் பக்கம் வருவதில்லை. அப்பா பேசுவதை நிறுத்தினார். பிறகு சாப்பிடுவதை நிறுத்தினார். தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் ஊரை நினைக்கமாட்டார்கள், அங்கே இருக்கும் பெரிய மனநல ஆஸ்பத்திரியைத்தான் நினைப்பார்கள். போனார், வந்தார், திரும்பவும் போனார். இவன் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே இறந்துவிட்டார். விற்காத வடிகட்டிப் பெட்டிகள் அந்த அடுக்குமாடி வீட்டில் இன்னும் இருக்கின்றன. ஒன்றின்மேல் தொலைக்காட்சி, ஒன்றின்மேல் அரிசி டின்.

அவன் என்ன படிக்கிறான் என்று அவன் அம்மாவுக்குக் 'கம்ப்யூட்டரு' என்ற அளவில்தான் தெரியும். அதற்குமேல் அவன் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அடுக்குமாடியில் யார் வீட்டில் இன்டர்நெட் நின்றாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். "எம்மவன் ஒயர் வேல நல்லா செய்வான்" என்று அவர் பெருமையாகச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் பினாங்கில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. பெரிய பெரிய அலுவலகங்களின் இணைப்புகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்து, எங்கே அறுந்தாலும் சரிசெய்யும் வேலை. எங்கள் வகுப்பில் அது கிடைத்தது அவன் ஒருவனுக்குத்தான். போவதா வேண்டாமா என்று ஒரு வாரம் என்னோடு பேசிப் பேசி மாய்ந்தான். அம்மா தனியாக இருப்பாரே என்பான். போகாவிட்டால் இந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான், இனி யார் கூப்பிடப்போகிறார்கள் என்று அவனே சொல்வான். கடைசியில், "போலாம்னு இருக்கேன் லா. அம்மாகிட்ட சொல்லணும். நீயும் வாரியா?" என்று கேட்டான். அவன் ஒன்றை வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓடினேன்.

அவன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, பினாங்குல வேல கெடச்சிருக்கு."

"என்ன வேலய்யா?"

"நெட்வொர்க் வேலம்மா."

கீரை அவர் கையிலேயே நின்றுவிட்டது. அவனும் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தான். "இது வேற..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். அந்த வீட்டில் அப்பாவின் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

எனக்குத் தெரியுமே தவிர, என் நாக்குக்குத் தெரியாது. "இல்லம்மா, இது சாமான் விக்கிறது இல்ல" என்று பிடித்துக்கொண்டேன். எவ்வளவோ சொன்னேன். அவர் புரிந்துகொள்ளட்டும் என்று பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பிப் படமே வரைந்தேன். மேலே ஒரு பெட்டி. அதிலிருந்து கீழே இரண்டு கோடு, இரண்டு பெட்டி. ஒவ்வொன்றிலிருந்தும் கீழே நாலு கோடு, நாலு பெட்டி. எந்த நெட்வொர்க் வகுப்பிலும் முதல் நாள் வரைவது அதைத்தான். இன்றைக்கும் அந்தப் படத்தில் தப்பில்லை என்றுதான் சொல்வேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இந்தப் படந்தான். இதே படந்தான்ம்மா. அவரு செவுத்துல ஒட்டி வெச்சிருந்தாரு. மேல இருக்கிற பொட்டில அவரு பேரு. கீழ எங்க லயத்து ஆளுங்க பேரெல்லாம் எழுதியிருந்தாரு." தாளைத் தரையில் வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். "ஐயா, நெசத்தச் சொல்லு. அதேதானே இது?"

அவன் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம்மா. அதேதான். நான் போகல."

அவர் மூச்சு விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போகாதய்யா. எங்கண்ணுல படற மாதிரி ஒரு வேலயப் பாரு" என்றார். கீரையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நான் அவரைக் கோபிக்கவில்லை. என் கோபமெல்லாம் இவன்மேல்தான்.

கீழே மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் அவனைச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டா பொய் சொன்ன? ஒயர் வேலன்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அப்பாவும் பேர மாத்தி மாத்தித்தான் சொன்னாரு."

"சரி, இல்லன்னு அடிச்சிச் சொல்ல வேண்டியதுதானே?"

அவன் அன்றைக்குத் தாப்பா சொல்லவில்லை. "அப்பா வாய்க்கு வாய் இல்ல, இல்லன்னுதான் சொன்னாரு. நானும் இல்லன்னா அம்மாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் பினாங்குல இருப்பேன், அவங்க இங்க செவுத்தப் பாத்துக்கிட்டு முழிச்சிக் கெடப்பாங்க. ஆமான்னு சொன்னாத்தான் நம்புவாங்க. நம்பினாத்தான் தூங்குவாங்க."

பிடித்திருந்த சட்டையை விட்டேன். ஆனால் அவனுக்கு அந்த வேலை வேண்டும். மனசார வேண்டும். அதை நான் சாட்சியாகச் சொல்கிறேன்.

அம்மா கண்ணில் படுகிற வேலை என்று அவன் தேர்ந்தெடுத்தது மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது. அவருக்கு அது பிடித்திருந்தது. பொட்டலம் கண்ணுக்குத் தெரிகிறது, கொண்டுபோகிறான், கொடுக்கிறான், வீட்டுக்கு வந்துவிடுகிறான், யாரையும் யாருக்கும் கீழே சேர்க்கவில்லை. நான் கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். நெட்வொர்க் வேலைதான். சிக்கலான கோளாறு வந்தால் அவனுக்குப் படம் எடுத்து அனுப்புவேன். எங்காவது ஒரு கடைவாசலில் பொட்டலத்துக்காகக் காத்துக்கொண்டே பார்த்துப் பதில் போடுவான். "இது தப்பு. திரும்பப் பண்ணு." எனக்குச் சிரிப்பு வரும், பிறகு மனசு கனத்துப்போகும். விடுமுறைக்கு வரும்போது பார்த்தால், வெயிலில் கறுத்து, மழைச்சட்டையைச் சுருட்டி முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பான். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வான் என்று உங்களுக்கே தெரியும்.

ஈப்போவில் சாயங்கால மழை எப்படிப் பெய்யும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எதிரில் வருவது தெரியாது. அப்படி ஒரு மழையில் லாரி ஒன்று அவனை அடித்துப் போட்டுவிட்டது. பிறகு கேள்விப்பட்டேன்: கடையில் பொட்டலத்தை மாற்றிக் கட்டிவிட்டார்களாம். வாங்கிய வீட்டுக்காரர் இவனைத்தான் திட்டியிருக்கிறார். தப்புக் கடையுடையது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். "நான் மாத்திக் கொண்டாந்து தாரேங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப மழைக்குள் போயிருக்கிறான். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. அவனை எழுப்பி உட்காரவைத்து நாலு அறை அறைய வேண்டும்போல இருந்தது. அழுகை கோலாலம்பூர் திரும்பும் பஸ்ஸில், தாப்பா என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்தபோது வந்தது. பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் எனக்குக் கைத்துடைப்புத் தாள் கொடுத்தார்.

கருமாதி முடிந்து சில வாரம் கழித்து, அவன் அம்மாவைப் பார்க்கப் போனேன். மத்தியானம். அவர் தனியாக இருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். அவன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சோறு வைக்கப் போனார். அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. வேலையிலிருந்து. வெளியே போய்ப் பேசினேன். எந்த மாடியில் இணைப்பு அறுந்திருக்கிறது, எந்தப் பெட்டியை நிறுத்திப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, நெட்வொர்க் திரும்ப வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தேன். கதவு திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"நீ என்ன வேலம்மா பாக்குற?"

"கம்ப்யூட்டர் வேலம்மா."

"நெட்வொர்க்குன்னு சொன்னியே இப்ப."

நான் தொலைபேசியைப் பைக்குள் போட்டேன்.

"ஆபீஸ்ல ஒக்காந்து பாக்குற வேலதானே?"

"ஆமாம்மா."

"ஏசி போட்டிருக்குமா?"

"ஆமாம்மா."

"மழ வெயிலு கெடையாது."

"கெடையாதும்மா."

அவர் மெதுவாக அரிசி டின் இருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கீழே யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்கள். அந்தச் சத்தம் போய் முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கேட்டார்.

"அவன் போறேன்னு சொன்னது இந்த வேலைக்குத்தானாம்மா? நான் அன்னைக்குக் கேட்டேன். அதேதானேன்னு கேட்டேன். ஆமான்னான். அவன் எதுக்கும் ஆமான்னுதான் சொல்லுவான், பெத்தவ எனக்குத் தெரியாதா? அன்னையிலருந்து இது எனக்கு நெஞ்சுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கு. யார்கிட்ட கேப்பேன்? நீ மூஞ்சிக்கு நேரா சொல்றவ. வேதக்காரப் பொண்ணு, பொய் சொல்லமாட்ட. நீ சொல்லு. நான் அவன விட்டிருந்தா, எம்புள்ள இன்னைக்கு ஏசியில ஒக்காந்திருப்பானா?"

என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் இவ்வளவு நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. அதற்குப் பதிலும் எனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டி பிடித்திருந்த கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லம்மா. அவனுக்குக் கெடச்சது வேற கம்பெனி. சாமான் விக்கிறவங்கதான். எனக்குத்தான் அன்னைக்கு ஒண்ணும் தெரியல, நல்ல வேலன்னு நெனச்சி ஒங்ககிட்ட வாயாடிட்டேன். அப்பறம் விசாரிச்சேன். அந்தக் கம்பெனிய இழுத்து மூடிட்டாங்க. நீங்க தடுத்தது சரிதாம்மா."

"ஆண்டவர் மேல சத்தியமா?"

"சத்தியமாம்மா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. பிறகு மெதுவாக எழுந்து அவன் படத்துக்கு முன்னால் போய் நின்று, விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"பாத்தியாய்யா? அம்மா சொன்னேன்ல?" என்றார். மகனைக் கண்டிக்கிற தாயின் குரலில், கொஞ்சம் தெம்பாகவே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒக்காரும்மா, சோறு ஆறுது" என்றார்.

நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.